எட்டுப் பேர், ஐந்து ரவுண்டு: பேண்டன் பயணத் திட்டம்

அன்புள்ள சுந்தர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு சியாட்டிலில் வேலை கிடைத்த செய்தி படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் வாழ்த்துகளைச் சொல்.

எட்டுப் பேரும் ஒருவழியாக ஓரிகானுக்கு, பேண்டன் டியூன்ஸ் கோல்ஃப் ரிசார்ட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தது பெரிய விஷயம். ஆனால் நீ போட்டிருக்கும் பட்டியலில் நான்கு நாளில் எட்டு ரவுண்டு (ரவுண்டுக்கு 18 ஹோல், அதாவது குழி) இருக்கிறது. அதை ஐந்தாகக் குறைத்துவிடு. மற்ற ரிசார்ட் கோர்ஸ்களுக்கு (கோல்ஃப் மைதானங்களுக்கு) எட்டு என்ற கணக்கு சரிப்படலாம், பேண்டனுக்கு ஆகாது. அங்கே பேட்டரி வண்டி கிடையாது, நடந்துதான் ஆடவேண்டும். உடல்நலக் காரணத்துக்கு மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே கேட்டால் மட்டும் வண்டி தருவார்கள். ரமணியின் முழங்கால் நிலைமையை இப்போதே அவனிடம் பேசிவிடு. ஒரு ரவுண்டுக்குப் பத்து கிலோமீட்டர் நடை, அதுவும் மணல்மேடுகளில் ஏறி இறங்கி, எதிர்க்காற்றில். ஐம்பதைத் தாண்டியவர்கள் அடுத்தடுத்த நாட்களில் நாளுக்கு 36 ஹோல் ஆடினால், மூன்றாம் நாள் பிற்பகலில் யாருக்கும் மட்டையைச் சுழற்றக் காலில் தெம்பு இருக்காது. அத்தனை பணம் கொடுத்துப் போய், நல்ல கோர்ஸ் ஒன்றைச் செத்த காலோடு ஆடுவது பாவம்.

இடத்தைப் பற்றி நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வாழ்த்து அட்டை வியாபாரத்தில் சம்பாதித்த மைக் கைசர் 1999-ல் திறந்த இடம். முதல் கோர்ஸ், பேண்டன் டியூன்ஸ், டேவிட் மெக்லே கிட் வடிவமைத்தது. 2001-ல் டாம் டோக்கின் பசிபிக் டியூன்ஸ், 2005-ல் கூரும் கிரென்ஷாவும் செய்த பேண்டன் ட்ரெயில்ஸ், 2010-ல் டோக்கும் ஜிம் அர்பினாவும் செய்த ஓல்டு மெக்டொனால்ட், 2020-ல் மறுபடி கூர், கிரென்ஷாவின் ஷீப் ரேஞ்ச். இவை போக, 13 ஹோல் கொண்ட ப்ரிசர்வ், 19 ஹோல் கொண்ட ஷார்ட்டீஸ் என்று இரண்டு பார்-3 (ஹோலுக்கு மூன்று அடி என்பது கணக்கு) கோர்ஸ்கள். ப்ரிசர்வில் வரும் நிகர வருமானம் அந்தக் கடற்கரையின் இயற்கைப் பாதுகாப்புக்கும் உள்ளூர் மக்களுக்கும் போகிறது. அதற்காகவே ஒருமுறை ஆடலாம்.

மாதத்தைக் காற்றை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கோடையில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். உள்நாட்டு நிலம் சூடேற ஏற வலுத்து, பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் காற்று ஓயாது. வெயில் காலம்தானே என்று அரைக்கால் சட்டை மட்டும் எடுத்துவந்தால் நடுங்கவேண்டியதுதான். பகலிலேயே 20 டிகிரி செல்சியஸைப் பெரும்பாலும் தாண்டாது. குளிர்காலத்தில் காற்று தெற்கே திரும்பி, மழையையும் கூட்டிவரும். கட்டணம் குறையும். தரை மணலானதால் தண்ணீர் தேங்காது, மழைக்கால ஆட்டமும் ஆடக்கூடியதே. ஆனால் முதல்முறை போகும் குழுவுக்கு நான் சொல்வது செப்டம்பர் பின்பாதி. வடகாற்று தணிய ஆரம்பித்திருக்கும், பெருமழை இன்னும் வந்திருக்காது. பகல் மட்டும் சுருங்கிவிடும்: ஏழு மணிக்கு விடிந்து மாலை ஏழுக்கு இருட்டும்.

காற்றின் திசை கோர்ஸையே மாற்றிவிடும் என்பதற்கு பசிபிக் டியூன்ஸில் இரண்டு ஹோலைப் பார். 4-வது தெற்கு நோக்கி ஓடுகிறது, வலப்பக்கம் முழுக்கக் கடலோரச் செங்குத்துச் சரிவு. வடகாற்றில் காற்று முதுகில், பந்து பறக்கும். ஆனால் வலக்கைக்காரனின் ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் அடி) நேரே பசிபிக்கில் விழும். 13-வது அதே கரையோரம் வடக்கே திரும்பிப் போகிறது, கடல் இடப்பக்கம், கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு) வலப்பக்கம் பெரிய மணல்மேடு, காற்று முகத்தில். 4-ல் இரண்டாம் அடிக்கு 8 அயர்ன் மட்டையை எடுத்தவன் இங்கே அதைவிட அதிக தூரம் அடிக்கும் கட்டையை (வுட்) எடுத்தும் கிரீன் சேரமாட்டான். அங்கே சுருக்கமாக அடித்து, மூன்றில் ஏறி, போகியோடு (பாரைவிட ஒரு அடி கூடுதல்) நகர்வதுதான் புத்தி. தென்காற்று நாளில் இரண்டும் அப்படியே தலைகீழ். இன்னொன்று, அந்தப் பின் ஒன்பதில் நான்கு பார்-3, மூன்று பார்-5, இரண்டே பார்-4. 10-ம் 11-ம் அடுத்தடுத்து பார்-3 என்பதால் முன்னால் போகும் குழு தேங்க வாய்ப்புண்டு.

ஆக, என் வரிசை இப்படி. முதல் நாள் மதியம் சேர்ந்ததும் ப்ரிசர்வ், சாயங்காலம் பஞ்ச்போல் என்ற பெரிய பட்டிங் (பந்தை உருட்டிக் குழியில் போடுவது) மைதானம். தரையைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. இரண்டாம் நாள் காலை ஓல்டு மெக்டொனால்ட். ஃபேர்வே (கிரீன்வரை போகும் வெட்டிய புல்வழி) அகலம், பந்து தொலையாது, முதல் முழு ரவுண்டுக்கு மனசு கெடாது. கிரீன்கள்தான் பிரம்மாண்டம். முப்பது மீட்டர் பட் சாதாரணம், மூன்று பட் ஆனால் யாரும் வெட்கப்பட வேண்டாம். மூன்றாம் நாள் காலை ஓய்வு, நண்பகலில் ட்ரெயில்ஸ். பெரும்பகுதி காட்டுக்குள் போவதால் பிற்பகல் காற்று அங்கே அதிகம் உறைக்காது. ஆனால் ஐந்தில் ஏற்றம் அதிகமான நடை அதுதான், அதனால்தான் காலையைக் காலியாக விடச் சொல்கிறேன். நான்காம் நாள் விடிந்ததும் ஷீப் ரேஞ்ச். ஒன்பது கிரீன்கள் கடல் விளிம்பிலேயே இருக்கின்றன, காற்றுக்கு மறைவே இல்லை. மணல் நிற்காமல் பறந்துபோகும் என்பதால் அந்தக் கோர்ஸில் ஒரு பங்கர்கூட (மணல்குழி) தோண்டவில்லை. அன்று பிற்பகல் தெம்பு இருப்பவர்களுக்கு மட்டும் பேண்டன் டியூன்ஸ். ஒரே நாளில் ஆடும் இரண்டாவது ரவுண்டுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, பதிவின்போதே கேட்டுக்கொள். ஐந்தாம் நாள் காலை பசிபிக் டியூன்ஸ், பிறகு புறப்பாடு.

போட்டியை ஓல்டு மெக்டொனால்ட், ட்ரெயில்ஸ், பசிபிக் மூன்றில் மட்டும் வை. ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) வரிசையில் 1-ம் 8-ம், 2-ம் 7-ம், 3-ம் 6-ம், 4-ம் 5-ம் என்று நான்கு ஜோடி சேர். அவற்றை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள். முதல் ரவுண்டில் அ–ஆ ஒரு குழு, இ–ஈ ஒரு குழு. அடுத்து அ–இ, ஆ–ஈ. கடைசியில் அ–ஈ, ஆ–இ. மூன்றே ரவுண்டில் ஒவ்வொரு ஜோடியும் மற்ற மூன்று ஜோடிகளோடு மோதிவிடும், எட்டுப் பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒரு ரவுண்டாவது நடந்திருப்பார்கள். இதைக் கிளம்பும் முன்பே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் அங்கே போய் யார் யாரோடு என்ற பேச்சே வராது.

ஆட்டம் மேட்ச் ப்ளே (ஹோலுக்கு ஹோல் வெற்றி தோல்வி), ஃபோர்பால் (ஜோடியில் நல்ல ஸ்கோர்தான் கணக்கு). மொத்த அடிகளை எண்ணினால் காற்றில் ஒரு ஹோலில் ஒன்பது போட்டவன் அத்தோடு போட்டியை விட்டுவிடுவான். மேட்சில் அது ஒரு ஹோல் தோல்வி மட்டுமே. ஹேண்டிகேப் இண்டெக்ஸை, ஆடும் டீயின் (ஹோலில் முதல் அடி அடிக்கும் இடம்) ஸ்லோப் என்ற கடின எண்ணால் பெருக்கி 113-ஆல் வகு, அதோடு கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (திறமையான ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கும் அடிகள்) பாரைக் கழித்து வருவதைக் கூட்டு. அதில் 90 சதவீதம் எடுத்து, நால்வரில் குறைந்தவனைப் பூஜ்யமாக்கி, மற்றவர்களுக்கு வித்தியாசத்தைக் கொடு. இந்தக் கணக்கில் ஆளுக்கொரு டீயிலிருந்து ஆடினாலும் நியாயம் கெடாது. அதனால் 18-க்கு மேல் ஹேண்டிகேப் உள்ளவர்களை 5,700 யார்டு பக்கம் உள்ள டீக்கு அனுப்பு. கௌரவம் பார்த்துப் பின்னால் போனால் எதிர்க்காற்று ஹோல்களில் ஃபேர்வேயைத் தொடுவதே பாடாகிவிடும்.

தரை ஃபெஸ்க்யூ புல், கெட்டி. கிரீனும் அதைச் சுற்றிய இடமும் ஒரே புல்லானதால் எல்லை தெரியாமல் கலக்கும். இருபது அடி வெளியிலிருந்தும் பட்டர் என்ற உருட்டும் மட்டையை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பவுன்ஸ் (அடிப்பாகத்தின் சாய்வுக் கோணம்) அதிகமான சாண்ட் வெட்ஜ் மட்டை அங்கே தரையில் எகிறி, பந்தின் வயிற்றில் அடித்து, கிரீனைத் தாண்டி அனுப்பிவிடும். பவுன்ஸ் ஆறிலிருந்து எட்டு டிகிரிக்குள் ஒரு வெட்ஜ் போதும். கிரீனுக்கு அடிக்கும்போது பத்துப் பதினைந்து யார்டு முன்னால் விழவைத்து உருளவிடு. கிரீன்கள் வேகம் குறைவாக இருக்கிறதே என்று யாரும் குறைசொல்ல வேண்டாம், வேகமாக வெட்டினால் நின்ற பந்தைக் காற்றே நகர்த்திவிடும்.

பை தூக்கி வழிகாட்டும் கேடி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு பை தூக்கும் கேடிகளாக நான்கு பேரை முன்பே சொல்லிவை. ஒரு பைக்கு, ஒரு ரவுண்டுக்கு 100 டாலருக்கு மேல், டிப் தனி, நேரடியாக ரொக்கமாகக் கையில் கொடுப்பது. ஆளுக்கு 600 டாலராவது ரொக்கம் வேண்டும். வேண்டாம் என்பவர்களுக்குத் தள்ளுவண்டி இருக்கிறது. யாரும் கனமான கார்ட் பேக் கொண்டுவரக் கூடாது, தோளில் மாட்டும் பை மட்டும். மழைச் சட்டை, பேன்ட் இரண்டும், ஈரத்தில் பிடிக்கும் கையுறை ஒரு ஜோடி, பழகிய ஷூ இரண்டு ஜோடி. பெட்டியைப் பிரித்த புது ஷூவோடு வருகிறவனுக்கு இரண்டாம் நாளே கொப்புளம். பந்து ஆளுக்கு இரண்டு டஜன், ஏனென்றால் அங்கே வளரும் ‘கார்ஸ்’ (gorse) என்ற முட்புதருக்குள் போனது திரும்பாது. முள் அப்படி.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பேண்டனுக்குப் பக்கத்து ஊரான நார்த் பெண்டுக்குச் சிறு விமானம் உண்டு. ஆனால் எட்டு கோல்ஃப் பை ஏற்றினால் எடை இடிக்கும், மூடுபனி வந்தால் ரத்து. இரண்டு மினிவேன், தலா நான்கு பேர், பின்வரிசையை மடக்கிப் பைகள், ஒன்பது மணி நேரப் பயணம் என்பதே உறுதியான வழி. திரும்பும்போது மெட்ஃபோர்டில் ஒரு இரவு தங்கிவிடுங்கள்.

தங்க, நான்கு படுக்கையறையும் பொதுக் கூடமும் உள்ள க்ரோவ் காட்டேஜ் இரண்டு கேள். உங்கள் எண்ணிக்கைக்கு அளவெடுத்த மாதிரி. அறையும் ஆட்டம் தொடங்கும் நேரமும் சேர்த்தே பதிவாகும், ஒரு வருடத்துக்கு மேல் முன்னால் கேட்டால்தான் செப்டம்பர் கிடைக்கும். முன்பணம் கட்டும் நாளிலேயே எட்டுப் பேரிடமும் பங்கை வாங்கிவிடு, வராமல் நின்றால் திரும்பக் கிடையாது என்றும் எழுதிவை. காத்திருப்பில் இரண்டு பெயர் தயாராக வை. ஒருவன் கழன்றாலும் ஜோடிக் கணக்கு உடைந்துபோகும். சைவம் சாப்பிடும் மூன்று பேரின் பெயரையும் பதிவிலேயே குறிக்கச் சொல். ஆட்டத்துக்கு நடுவே பையில் கடலைமிட்டாயும் வாழைப்பழமும் இருக்கட்டும்.

முதலில் ரமணியிடம் பேசிவிட்டு, எட்டா ஏழா என்று எழுது. அதற்கு முன் தேதி கேட்காதே.

அன்புடன்,
கணேசன்