அடுத்த பட்டி எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் கல்லடியில் கராத்தே பழகத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. முதல் மூன்று மாதமும் குனிந்து வணங்குவது, காலை ஊன்றி நிற்பது, ஒரே குத்தைத் திரும்பத் திரும்பக் குத்துவது, இவ்வளவுதான். ‘இதுக்கா காசு கட்டுறம்’ என்று எனக்கே சலித்தது. அப்புறம்தான் கவனித்தேன். கணக்குப் பிழைத்தால் கொப்பியைத் தூக்கி எறிகிற பிள்ளை, இப்போது அழித்துவிட்டு மறுபடி செய்கிறாள். தம்பியோடு சண்டை மட்டும் குறையவில்லை. சரி, அது வேறு கதை.

ஆனால் சில வகுப்புகளில் பரீட்சைக் கட்டணம் கட்டினாலே, தரத்தைக் காட்டும் இடுப்புப் பட்டியின் நிறம் மாறிவிடுகிறது. 1922 இல் ஜப்பானின் ஒகினாவாத் தீவிலிருந்து டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயை அறிமுகப்படுத்திய கிச்சின் ஃபுனகோஷி ஒரு பள்ளி ஆசிரியர். எதிரியை வெல்வதைவிடக் குணத்தைத் திருத்துவதையே அவர் பெரிதாக நினைத்தார். அந்தக் காலத்தில் சீனடி, சிலம்படி என்ற தற்காப்புக் கலைகளைப் பழகிய நம் பெரியவர்கள் பட்டியா கட்டினார்கள்?

பயிற்றுநர்கள் பிள்ளையின் வரவையும் நடத்தையையும் பார்த்துத் தரம் உயர்த்த வேண்டும். பெற்றோரும் ‘அடுத்த பட்டி எப்ப?’ என்று அவர்களை நெருக்கக் கூடாது. நானும் ஒருமுறை நெருக்கியவன்தான்.

ஒரு தகப்பன்,
ஆரையம்பதி.