கயலுக்கு அப்பா எழுதுவது

அம்பாசமுத்திரம்

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். பார்சல் வந்து சேர்ந்ததா? இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அம்மா வைத்தது. சுண்டைக்காய் வற்றல் ஆச்சி சொல்லி வைத்தது. வந்ததா இல்லையா என்று தம்பிக்காவது ஒரு வரி அனுப்பியிருக்கலாம். சரி, உனக்குப் படிப்பு நெருக்கடி.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "படிச்சது எதுவும் நிக்க மாட்டேங்குதுப்பா" என்றாய். என்ன ஏது என்று கேட்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். விடிகாலை மூன்று மணி வரைக்கும் உன் மேஜை விளக்கு எரிகிறது என்று உன் அறைத் தோழியின் அம்மா நம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு எதையும் கேட்பதற்காக இல்லை. எதிர்வீட்டு மாமா விசாரித்தார். படித்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

படித்தது நிற்கவில்லை என்றால் உனக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை கயல். பதினாறாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சொன்ன பிள்ளை நீ. மூளை வேலை செய்யும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு எதிராகப் போனால் யாருக்குமே நிற்காது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், வாத்தியார் பாடம் எடுக்கிறார் என்று ஒதுக்கிவிடாதே.

எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மானியர். பரீட்சை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்வேன். மறதியை அளந்து பார்க்கத் தன்னையே சோதனைக்கு வைத்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்வார். 20 நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு மாதம் என்று விட்டுவிட்டு, அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறிப்பார். 1885-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. ஆனால் அதன் பிறகு தேய்வது மெதுவாகத்தான். ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அதுவும் அர்த்தமில்லாத அசைகளுக்கு. நீ படிப்பது வரலாறும் அரசியலமைப்பும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விஷயங்கள். அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. சுத்தமாக மறந்துவிட்டது என்று நீ நினைக்கிற பாடமும் இரண்டாம் தடவை சீக்கிரம் பிடிபடும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பார்த்தால் கிடைக்கிற பலன், மூன்று நாளாகப் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்துவிட்டது. இந்த எண்களை எழுதி உன் மேஜைக்கு மேலே ஒட்டிவை. விடிய விடிய உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு புத்தகத்தை முடிப்பது பாதி உழைப்பைத் தண்ணீரில் போடுவது.

காரணம் தெரிய வந்தது ரொம்பப் பின்னால், எரிக் கான்டெல் என்ற நரம்பியல் ஆய்வாளர் கடல் நத்தை வகையில் ஒன்றான அப்ளிசியாவை வைத்துச் செய்த ஆய்வுகளில். அதற்காகவே 2000-இல் நோபல் பரிசு. அந்தப் பிராணியைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அபாயமில்லாமல் திரும்பத் திரும்பத் தொட்டால், சரி ஒன்றுமில்லை என்று பழகி, இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் அதன் படிப்பு. 40 தடவை அடுத்தடுத்துத் தொட்டால் அந்தப் பழக்கம் ஒரு நாளில் மறந்துபோனது. நாளுக்குப் பத்தாக நான்கு நாள் தொட்டால் வாரக்கணக்கில் நின்றது. சற்று நேரம் இருந்துவிட்டுப் போகிற நினைவுக்கு, நியூரான்கள் என்ற நரம்புச் செல்களுக்கு இடையே ஏற்கெனவே இருக்கிற இணைப்பு கொஞ்சம் கூடினால் அல்லது குறைந்தால் போதும். நாள்பட நிற்கிற நினைவுக்கு அது போதாது. செல்லின் உட்கருவில் மரபணுக்கள் வேலையைத் தொடங்கி, புதுப் புரதங்கள் உண்டாகி, இணைப்புகளே புதிதாக முளைக்கவோ குறையவோ வேண்டும். உடம்புக்குள் நடக்கிற கட்டுமானம் அது. அதற்கு நேரம் ஆகத்தான் செய்யும். நீ அவசரப்படுத்தி ஆகப்போவதில்லை.

அப்புறம், நீ படிக்கிற விதம். போன பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். மஞ்சள் கோடு, பச்சைக் கோடு, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாய். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்று இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் ஒரு பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து அது தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. இதில் மோசமான விஷயம் என்ன தெரியுமா? வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஆகவே மூடி வைத்துச் சொல்லிப் பார். திணறினாலும் பரவாயில்லை, திணறித் தேடும்போதுதான் அது பதிகிறது. உனக்குச் சின்ன வயதில் நான் ஒப்பிக்க வைத்தது இதற்குத்தான். அன்றைக்கு அழுதாய், ஆனால் அந்தப் பாட்டெல்லாம் உனக்கு இன்றைக்கும் தெரியும்.

தூக்கத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புதிதாகக் கற்பது முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதியை நம்பி இருக்கிறது. அது நாற்றங்கால் மாதிரி, அங்கேயே பயிர் விளையாது. மூளையின் மேற்புறணிக்குப் பிடுங்கி நட வேண்டும். அந்த நடவில் பெரும்பகுதி நாம் தூங்கும்போது நடக்கிறது. எலிகள் பகலில் ஓடித் திரிந்தபோது ஹிப்போகாம்பஸில் எந்த நியூரான்கள் சேர்ந்து துடித்தனவோ, அதே நியூரான்கள் தூக்கத்திலும் சேர்ந்து துடித்ததை 1994-இல் பதிவு செய்தார்கள். மூன்று மணி வரை விழித்து, காப்பி குடித்து, ஆறு மணிக்கு எழுந்தால் நட வேண்டிய நேரம் போய்விடுகிறது. அப்புறம் படித்தது நிற்கவில்லை என்றால் எப்படி நிற்கும்? பதினோரு மணிக்குப் படு கயல்.

ஆச்சியைப் பார்க்கும்போது இதெல்லாம் எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. அவளுக்கு வந்திருக்கிற நோயில் முதலில் அடிபடும் இடங்களில் அந்த ஹிப்போகாம்பஸும் ஒன்று. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்குத் தெரிவதில்லை. ஆனால் மடியில் பிச்சிப்பூவைக் கொட்டினால் போதும், பக்கத்தில் கிண்ணத்தில் நனைத்து வைத்த வாழைநாரைத் தானே எடுத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று காம்போடு காம்பு சேர வைத்து, விரலில் ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. ஒரு பூ நழுவுவதில்லை. கையோடு பழகிய நினைவுக்கு வேறு பாதை. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்புக்காக ஹிப்போகாம்பஸ் பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையில் நாளுக்கு நாள் தேறினார், முன்பு செய்தது நினைவே இல்லாமல். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அதைக் கண்டறிந்து எழுதினார்.

பூ கட்டி முடித்ததும் ஆச்சி கேட்பது "கயல் எப்ப வாரா?" என்றுதான். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள், சற்று நேரத்தில் மறுபடி கேட்பாள். நீ தீபாவளிக்கும் வரவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அம்மா கூப்பிட்டால் எடுக்காமல் தம்பிக்கு மட்டும் "ஓகே" என்று அனுப்புகிறாயே, அது சரியா? ஒரு பரீட்சை எப்படிப் போனாலும் இந்த வீட்டில் உன்னிடம் யாரும் முகத்தைச் சுளிக்கப் போவதில்லை. நான் போக மாட்டேன் என்று அடம்பிடித்த பெண், இன்று பட்டணத்தில் தனியாக இருந்து ஒற்றையாய்ப் போராடுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ராத்திரி படித்ததை மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு தாளில் எழுதிப் பார். மூன்று நாள் கழித்து மறுபடி. அப்புறம் ஒரு வாரம் விட்டு. நடுவில் தூக்கம். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நினைக்காதே. பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிடு.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் உனக்குத் தட்கல் போடலாம் என்று இருக்கிறேன். திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு நானே வந்துவிடுவேன், நீ பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். முந்தின நாள் காலையிலேயே போட வேண்டும், அதனால் புதன்கிழமைக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடு. தம்பியிடம் இல்லை, எனக்கே போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா