முதலில் எடை, அப்புறம் ஃபோர் வீல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதி வந்தால் கூடாரத்தையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் இளம் குடும்பங்கள் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கூடிக்கொண்டே வருகின்றன. எந்த ஃபோர் வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரத்தையும் எஞ்சின் இழுக்கும் வண்டி, வாங்கலாம் என்பதுதான் எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி. தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் குதிரைத்திறன், தொடுதிரை, மேற்கூரைக் கண்ணாடி எல்லாம் வருகின்றன. இந்தக் கேள்விக்கு வேண்டிய விவரம் மட்டும் வருவதில்லை. ஆகவே கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

ஃபோர் வீல் தேவையா என்பதிலிருந்தே தொடங்கலாம். வத்தல்மலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது, ஒகேனக்கல்லுக்கும் இருக்கிறது. அந்த வழிக்கெல்லாம் சாதாரண காரே போதும். சிக்கல் வருவது தார் முடிந்து மாந்தோப்புக்குள் போகும் கடைசி அரை கிலோமீட்டரில். ஐப்பசி மழையில் ஊறிய செம்மண் டயர் பட்டன்களுக்குள் அப்பிக்கொண்டால் டயர் மொழுக்கையாகிவிடும். அதே தடத்தில் டிராக்டர் போயிருந்தால் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. கார் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் வயிறு மேட்டில் உட்காரும். உட்கார்ந்தபின் நான்கு சக்கரமும் சுற்றினாலும் பயனில்லை, மண்வெட்டிதான். ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறுபக்கச் சக்கரத்தைப் பள்ளத்துக்கு வெளியேயும் வைத்து ஓட்டத் தெரிந்தவருக்கு நல்ல கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே உள்ள உயரம்) கொண்ட டூ வீல் டிரைவ் வண்டியே பாதித் தொல்லையைக் குறைக்கும். தை முதல் வைகாசி வரை மட்டும்தான் வெளியே போவோம் என்கிற குடும்பம் ஃபோர் வீலுக்குக் கொடுக்கும் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்திலும் போவோம் என்றால் வாங்குங்கள். ஆனால் உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிரெட்டாவிலும் டீசல் ஹாரியரிலும் முன் சக்கரம் மட்டுமே இழுக்கும். ஸ்கார்பியோ கிளாசிக்கில் பின் சக்கரம் மட்டும். 2023 முதல் மஹிந்திரா தார் வண்டியே பின் சக்கர இழுவையிலும் விற்கிறது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் அது லீவராக இல்லாமல் திருகும் குமிழாகவோ பட்டனாகவோ இருக்கும். டூ வீல், ஃபோர் வீல் விலை வித்தியாசத்துக்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1500 சிசிக்குள் டீசல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 1.5 லிட்டர் டீசல் பின் சக்கர தார் அதில் அடங்கும். எஞ்சின் பெரிதான ஃபோர் வீல் தார் 40 சதவீதத்தில் போய்விடும். மாருதி ஜிம்னியும் அப்படித்தான்: நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்தாலும் பெட்ரோலுக்கு வரம்பு 1200 சிசி, அதன் எஞ்சின் 1462 சிசி.

ஆல் வீல் டிரைவ் என்று விற்கும் சில கார்களில் நான்கு சக்கரமும் இழுக்கும். வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் லோ கியர் இருக்காது. ஈரமான தாருக்கும் லேசான சேற்றுக்கும் அது போதும். ஆழமான மணலில் தொடர்ந்து உழன்றால் நடுவில் உள்ள கிளட்ச் சூடேறித் தற்காலிகமாகக் கழன்றுகொள்ளும், வண்டி அங்கேயே நிற்கும். லோ கியர் உள்ள வண்டியில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை ஜிம்னியில் இரண்டு மடங்கும் தார் வண்டியில் ஏறத்தாழ இரண்டரை மடங்கும் கூடும், வேகம் அதே அளவு குறையும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். சரளைக்கல் சரிவில் முழு லோடோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். லோ முதல் கியரில் விட்டால் எஞ்சினே பிடித்து நடை வேகத்தில் இறக்கும். லோவுக்கு மாற்றும்போது வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டும். ஓடும்போது தள்ளினால் பற்கள் நறநறக்கும்.

மழை பெய்கிறது என்று தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுகிறார்கள். கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகும். லீவரோ பட்டனோ போட்டு ஃபோர் வீலுக்கு மாறும் இந்த வண்டிகளில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை, முறுக்கு எல்லாம் ஷாஃப்டிலும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். லீவர் திரும்ப வராமல் இறுகிக்கொள்வது இதனால்தான். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது டூ வீல் டிரைவிலேயே கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக் காய்ந்து கருகுவதைத் தடுப்பது கியர்தான்.

இனி எடைக்கு வருகிறோம். வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. வண்டியின் கையேட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்பது வரும். ஜிம்னிக்கு மொத்த வரம்பு 1545 கிலோ, வெறும் வண்டி 1200 கிலோவை ஒட்டி. ஏற்றக்கூடியது 340 கிலோ சொச்சம். இப்போது ஒரு குடும்பத்தை ஏற்றிப் பாருங்கள். அப்பா 75, அம்மா 60, ஆறு வயதுப் பிள்ளை 20, மூன்று வயதுப் பிள்ளை 13: ஆக 168. குழந்தை இருக்கைகள் இரண்டும் 15. ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று இரண்டு நாளைக்குத் தண்ணீர் 40 லிட்டர், கேனோடு 42 கிலோ. கூடாரம் 10, பாய் போர்வை மெத்தை 12, ஐந்து கிலோ காஸ் சிலிண்டரும் அடுப்பும் 15, ஐஸ் போட்ட பெட்டி 20, அரிசி பருப்பு பாத்திரம் 20, கம்ப்ரசர் கயிறு மண்வெட்டி ஜாக்கி 20, துணிமணி 12. கூட்டினால் 334. இன்னும் இரும்பு கேரியர் மாட்டவில்லை. அதற்கு 25 கிலோவும் மேற்கூரைக் கூடாரத்துக்கு 60 கிலோவும் சேர்த்தால் வரம்பைத் தாண்டி 80 கிலோ வரை மிஞ்சும். மிஞ்சிய எடை பின் ஸ்பிரிங்கை அழுத்தும், முன் பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். எந்த மாடலை நினைத்திருந்தாலும் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்.

கூரைக்கு என்று தனி வரம்பும் உண்டு. ஓடும் வண்டியில் கூரை தாங்கும் எடை 30 கிலோ என்று போட்ட கையேடும் இருக்கிறது, 75 என்று போட்டதும் இருக்கிறது. இரும்புச் சட்டகத்தின் மேல் உடலைப் பொருத்திய உயரமான வண்டியில் கூரை மேல் எடை வைத்தால் கொண்டை ஊசி வளைவில் அது காட்டிக்கொடுக்கும். மூன்று வயதுப் பிள்ளையை நடுராத்திரி சிறுநீர் கழிக்க ஏணியில் இறக்குவதை நினைத்துப் பார்த்தாலே மேற்கூரைக் கூடார ஆசை பாதி போய்விடும். தரையில் அடிக்கும் கூடாரம் விலையும் குறைவு, எடையும் குறைவு. தண்ணீர் கேனைப் பின்னிருக்கையின் முதுகை ஒட்டித் தரையில் வைத்துக் கட்டுங்கள். பின்னிருக்கைக்கு மேலே உயர்ந்து நிற்கும் எதையும் வலை போட்டு இறுக்க வேண்டும், திடீர் பிரேக்கில் அது பிள்ளைகளின் தலைக்குத்தான் வரும். சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி வைத்துப் போங்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள்.

மாடல்களைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று கதவு தார் கல்யாணமாகாதவர்களுக்கு நல்ல வண்டி. நான்கே இருக்கை, பின் ஜன்னல் கண்ணாடி இறங்காது, முன் சீட்டை மடக்கித்தான் பிள்ளையைப் பின்னால் ஏற்ற வேண்டும். மலைப்பாதையில் பிள்ளை வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஜிம்னி எடை குறைவானதால் சேற்றிலும் மணலிலும் பெரிய வண்டிகள் திணறும் இடத்தில் மிதந்து போகும். அதுவும் நான்கு பேர் வண்டிதான், பின்னிருக்கை நிமிர்ந்திருந்தால் சாமான் இடம் 208 லிட்டர். பாட்டியும் வருவார் என்றால் அது கணக்கில் இல்லை. ஒரு பிள்ளை, குறைந்த சாமான் என்கிற குடும்பத்துக்கு எங்கள் ஓட்டு ஜிம்னிக்கே. இரண்டு பிள்ளை என்றால் 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் பொருந்தும். அதில் ஃபோர் வீல் டீசலுக்கு மட்டுமே. பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஸ்கார்பியோ என் வண்டியிலும் ஃபோர் வீல் டீசலில்தான். 2022-இல் குளோபல் என்கேப் அதற்குப் பெரியவர்களுக்கு ஐந்தும் குழந்தைகளுக்கு மூன்றும் கொடுத்தது. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் சாமானுக்கு இடமிருக்காது. ஃபோர்ஸ் கூர்கா ஐந்து கதவில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது, கிளியரன்ஸ் 233 மில்லிமீட்டர். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுக்கும். ஆனால் 2024-இல் வந்தபோது முன்னால் இரண்டு ஏர்பேக் மட்டும்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை யோசிக்க வேண்டும். எதை எடுத்தாலும் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்த இருக்கையில் இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சொந்தக் குழந்தை இருக்கையை ஷோரூமுக்கே எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நாற்பது நிமிடமாவது நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால்தான் உள்ளே சேர்ந்த கரி எரியும். அப்படி ஓட்டம் இல்லாதவர்கள் பெட்ரோலைப் பாருங்கள்.

டயர் விஷயத்தில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் பக்கத்துக் கருங்கல் சில்லு டயரின் பக்கச்சுவரை அறுக்கும், அது பஞ்சருக்கு ஒட்டாது. அதனால் ஸ்டெப்னி முழு அளவில் இருக்க வேண்டும். 18, 19 அங்குல ரிம் அழகுதான், ஆனால் டயரின் சுவர் குட்டையாக இருப்பதால் கல்லில் இடித்தால் ரிம்மே வளையும். அந்த அளவில் மண்ணுக்கும் சாலைக்கும் ஏற்ற ஆல் டெரைன் டயர் அஞ்செட்டியிலோ பென்னாகரத்திலோ உடனே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். மண்ணில் இறங்குமுன் காற்றைக் குறைப்பது ஃபோர் வீல் போடுவதைவிட முக்கியம். தார்ச்சாலையில் 32 பிஎஸ்ஐ என்றால் கல்லும் பள்ளமுமான தடத்துக்கு 24, மணலுக்கு 18. அந்தக் காற்றில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலும். தார்ச்சாலை ஏறியதும் திரும்ப நிரப்ப வேண்டும். கம்ப்ரசர் நேராக பேட்டரியில் கிளிப் போடுவதாக இருக்கட்டும். லைட்டர் துளையில் செருகும் மலிவானது பெரிய டயருக்கு ஓடும்போது ஃபியூஸ் போய்விடும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் சோதனை ஓட்டத்தைத் தார்ச்சாலையில் முடித்துவிடாதீர்கள், மண் தரைக்குக் கொண்டுபோங்கள். ஃபோர் வீல் போட்டு நேராகவும் பிறகு முழுத் திருப்பத்திலும் மெதுவாக ஓட்டுங்கள். முழுத் திருப்பத்தில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் முன் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. கீழே படுத்து அதன் ரப்பர் பூட்டைப் பாருங்கள், கிழிந்திருந்தால் உள்ளே மண் போயிருக்கும். முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது டொக் என்று அடித்தால் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டு (கிராஸ்) போயிருக்கிறது. வேக்குவத்தில் (காற்று உறிஞ்சும் விசையில்) முன் சக்கரத்தின் ஹப் பூட்டும் வண்டிகளில் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் லீவர் விழும், விளக்கு மினுக்கும், முன் சக்கரம் இழுக்காது. ஆக்சில் நடுவே கியர் பற்கள் இருக்கும் கிரவுன் ஹவுசிங்கின் ஆயில் திருகைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி. விலை பேசாமலே திரும்பிவிடலாம். வாங்கியபின் மாதம் ஒருமுறையாவது மண்ணில் ஒரு கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள். வருடக்கணக்கில் போடாமல் விட்ட லீவர் தேவைப்படும் நாளில் அசையாது.

முன்பக்க இரும்புக் கம்பியை மாட்டாதீர்கள். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடை செய்தது. மோதலில் ஏர்பேக் திறக்கும் நேரத்தையும் அது கெடுக்கும்.

எங்கே முகாம் போடுவது என்பதிலும் இரண்டு விஷயம் உண்டு. காவிரி வடக்கு சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. அந்தக் காடுகளுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை இறக்கிக் கூடாரம் போடுவது குற்றம், ஃபோர் வீல் இருப்பது சலுகை ஆகாது. பட்டா நிலத்தில் உரிமையாளரிடம் கேட்டுத் தங்குங்கள். ராகி அறுவடைக் காலத்தில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் வயலுக்கு இறங்கும். வயலோரம் கூடாரம் வேண்டாம். ஆற்று மணல் படுகையில் வண்டியை நிறுத்தித் தூங்குவதும் கூடாது. இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே குடகில் பெய்த மழையால் ஒகேனக்கல்லில் தண்ணீர் ஏறும்.

தங்களிடம் கேட்பது இதுதான். வாகனப் பக்கத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்றக்கூடிய எடை, கூரை வரம்பு, லோ கியர் உண்டா இல்லையா, பின் ஜன்னல் இறங்குமா, ஸ்டெப்னி முழு அளவா என்ற ஐந்து விவரங்களைக் கட்டம் போட்டு வெளியிடுங்கள். தொடுதிரையின் அங்குல அளவுக்குக் கொடுக்கும் இடம் இதற்குப் போதும்.

இப்படிக்கு,
நான்கு சக்கர வண்டிப் பட்டறைக்காரர்கள் இருவர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.