அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கவனித்த தம்பிக்கும், கூடவே நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

கழுத்தில் அழுந்தியிருந்த தண்டுவடத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தையல் பிரித்தாகிவிட்டது. கழுத்தில் பட்டை இருக்கிறது, நடக்கும்போது ஒரு கை சுவரைத் தேடுகிறது, ஆனால் நடக்கிறார். என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், அதை மறுபடி விவரிக்க எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் வரவில்லை. மருந்து, பயிற்சி, வேலை என்று நாட்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும்.

முதலில் ஒருவருக்கு.

தம்பி, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அதனால் பிசியோதெரபி அறையில் இருந்த தம்பி என்றே எழுதுகிறேன். அன்றைக்கு உங்களுக்கு இருந்த வேலை சின்னது. கை மரத்துப்போகிறது என்று வந்த அப்பாவுக்கு மணிக்கட்டுப் பட்டையை அளவு பார்த்து மாட்ட வேண்டும், மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும்படி இரவில் எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். பட்டையை மாட்டி முடித்த பிறகும் "தோளையும் ஒரு தடவை பார்த்துடறேன் ஐயா" என்று சட்டையைக் கழற்றச் சொன்னீர்கள். பார்த்தீர்கள். சரி, போட்டுக்கோங்க என்றீர்கள்.

அப்பா பொத்தான் போட ஆரம்பித்தார். நான் வழக்கம்போல் உதவிக்குப் போனேன். "அக்கா, ஒரு நிமிஷம். அவரே போடட்டும்" என்று என்னை நிறுத்தினீர்கள்.

எனக்கு அப்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அப்பா குனிந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட்டார். பொத்தானின் விளிம்பு கட்டைவிரலுக்குப் பிடிபடவில்லை. துளைக்குள் பாதி நுழைந்த பொத்தான் திரும்ப வெளியே வந்தது. ஒன்றைத் தவறான துளையில் மாட்டி, கழற்றி, மறுபடி ஆரம்பித்தார். நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேசையில் சாய்ந்து நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசிப் பொத்தான் வரை காத்திருந்தீர்கள்.

அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தீர்கள். "ஐயா, கையெழுத்து மாறியிருக்கா?" மாறியிருந்தது. "சில்லறை எண்ணும்போது கீழே விழுதா?" விழுந்துகொண்டிருந்தது. "படி இறங்கும்போது கைப்பிடி வேணுமா?" வேண்டியிருந்தது. கை மரத்துப் போவதற்கும் படி இறங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா வயசாகிவிட்டது தம்பி என்றார். நீங்கள் அதற்குத் தலையாட்டவில்லை.

இரண்டு கையையும் முஷ்டி பிடித்து விரித்து, பிடித்து விரித்துக் காட்டச் சொன்னீர்கள். 10 விநாடியில் 20 தடவையாவது வர வேண்டும் என்று பிறகு எனக்குச் சொன்னீர்கள். அப்பாவுக்கு அதில் பாதிகூட வரவில்லை. சுண்டுவிரல் முழுக்க விரியவே இல்லை. பிறகு அவருடைய நடுவிரலைப் பிடித்துக்கொண்டு நகத்தின் நுனியைச் சுண்டிவிட்டீர்கள். கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. அப்பா மடக்கவில்லை, அதுவாக மடங்கியது. ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது, விழுந்துவிடாமல் நீங்களே பக்கத்தில் கை நீட்டியபடி கூட நடந்தீர்கள்.

எங்களை அனுப்பிய மருத்துவருக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதினீர்கள். அதோடு விடாமல் போனிலும் பேசினீர்கள். எங்களிடம் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்: "மணிக்கட்டுல நரம்பு அழுத்தம் இருக்கிறது உண்மைதான். ஆனா அது மட்டும் இருந்தா கால் தடுமாறாது. கழுத்துல தண்டுவடம் அழுத்தப்படலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்துடறது நல்லது. அதுவரைக்கும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீங்க."

பயமுறுத்தவும் இல்லை, ஒன்றுமில்லை என்று தட்டிவிடவும் இல்லை. எம்.ஆர்.ஐ. வந்து, கழுத்தில் தண்டுவடம் அழுந்தியிருப்பது தெரிந்ததும் எல்லாம் வேகமாக நடந்தது. அதற்குப் பிறகானது உங்களில் பலருக்குத் தெரியும்.

இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நரம்பு வழியாகச் சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்பு கடத்தல் பரிசோதனையில் மணிக்கட்டில் அழுத்தம் தெரிந்தது, மருத்துவர் அதற்குரியதைச் செய்தார். ஒரே ஆளுக்கு மணிக்கட்டிலும் கழுத்திலும் சேர்ந்தே தொந்தரவு இருக்கலாம். வயதாக ஆக டிஸ்க் பிதுங்கி, எலும்பு முனை வளர்ந்து, தசைநார் தடித்து, தண்டுவடம் போகிற வழி குறுகுகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பாதிக்கப்படுவதில் உலக அளவில் மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஆனாலும் அறிகுறி ஆரம்பித்துக் கண்டுபிடிக்கச் சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்கின்றன ஆய்வுகள். பலருக்குக் கழுத்தில் வலியே இருக்காது. அப்பாவுக்கும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு தொடுவது மாதிரி இருக்கிறது என்பார், அவ்வளவுதான். அந்த 2 ஆண்டுகளில் எவ்வளவு எங்களுக்கு மிச்சமானது என்று தெரியாது, ஆனால் மிச்சமானது அந்தப் பொத்தான்களால்தான்.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னீர்கள்: எனக்கும் கை மரத்துப் போகுதே. அந்தத் தம்பியும் நரம்பியல் மருத்துவரும் பொறுமையாக எனக்கு விளக்கியதை நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், அவர்களிடம் வாங்கியதை நானே வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பயப்பட வேண்டாம். கையைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து மரத்துப்போய், உதறினால் சில நிமிடத்தில் சரியாகிற கை எல்லாருக்கும் வருவதுதான்.

அடிக்கடி வந்தால் எந்த விரல் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டின் நடுவே போகிற நரம்பு. இது பெரும்பாலும் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும், கையை உதறினால் குறையும். கர்ப்ப காலத்திலும், தைராய்டு குறைவாகச் சுரக்கிறவர்களுக்கும், சர்க்கரை நோய், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் அதிகம் வருகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் முழங்கையின் உள்பக்கம் போகிற நரம்பாக இருக்கலாம். முழங்கையை மடக்கி நெடுநேரம் போனைப் பிடித்திருப்பவர்களும், மேசையில் முழங்கையை ஊன்றுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பாதமும் முதலில் மரத்து, பிறகு விரல் நுனிகளுக்கு வந்தால் சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கும், இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கும் பி12 குறையலாம். தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்வு இல்லை என்றால் மறைக்காமல் காட்டிவிடுங்கள். தொழுநோயாக இருந்தாலும் அது முழுக்கக் குணமாகக்கூடியது, அதற்கான கூட்டு மருந்து 1995 முதல் உலகம் முழுக்க இலவசம்.

மரத்துப் போவது வாரக்கணக்கில் நீடித்தாலோ, தூக்கத்தைக் கெடுத்தாலோ, பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ, கட்டைவிரலின் அடியில் இருக்கிற சதை மேடு வற்றியது மாதிரி தெரிந்தாலோ நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். சதை வற்றிய பிறகு செய்கிற சிகிச்சை முழுப் பலன் தராமல் போகலாம். இரண்டு கையும் சேர்ந்து மரத்து, விரல் வேலை மந்தமாகி, நடை தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அதை வயசுக் கணக்கில் எழுதாதீர்கள். கழுத்தையும் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. திடீரென்று ஒரு பக்கக் கை மரத்தோ தளர்ந்தோ போனாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸ்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும், அது அடுத்து வரப்போவதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். நெஞ்சு வலியோடு கை மரத்தாலும், தலையிலோ கழுத்திலோ அடிபட்ட பிறகு மரத்தாலும், கை வெளுத்துச் சில்லிட்டு வலித்தாலும் அப்படித்தான்.

நன்றிக்குத் திரும்புகிறேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கு: இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் நோக்கம், போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள். இனிப்பாகப் பேசியிருந்தால் அன்றைக்கு ஆறுதலாக இருந்திருக்கும், இன்றைக்கு நாங்கள் உடைந்துபோயிருப்போம். வலது கையில் உணர்வு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இடது கையில் பெரிய மாற்றமில்லை. இதைத் தாங்க முடிகிறது என்றால் அந்தப் பேச்சுதான் காரணம்.

ராத்திரியில் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்த நர்ஸ்களுக்கும், அவர் வெட்கப்படாமல் இருக்க வேறு எதையோ பேசிக்கொண்டே கழுவிவிட்ட வார்டு அண்ணனுக்கும், முறைபோட்டுத் துணைக்குப் படுத்த அத்தைப் பிள்ளைகளுக்கும், என் வேலையைச் சத்தமில்லாமல் பங்கு போட்டுக்கொண்ட அலுவலகத் தோழிகளுக்கும், ரத்தம் கொடுக்கக் கிளம்பி வந்து, தேவைப்படவில்லை என்று தெரிந்த பிறகும் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்த அப்பாவின் நண்பர்களுக்கும், பணத்தைக் கொடுத்துவிட்டு எப்போது திருப்புவாய் என்று இதுவரை கேட்காதவர்களுக்கும், மாமா, சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாருக்கும் என் நன்றி. தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன். நேரில் வந்து சொல்கிறேன்.

தம்பி, உங்களிடம் இன்னும் ஒன்று. அன்றைக்கு நீங்கள் அப்பாவை நோயாளியாகப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதர் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தை அவருக்குக் கொடுத்தீர்கள். வீட்டில் பாசத்தின் பேரில் அந்த நேரத்தை நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். சட்டென்று பொத்தானைப் போட்டுவிடுகிறோம், டம்ளரை வாயருகே கொண்டுபோகிறோம். அதுவும் அன்புதான், அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனிமேல் எங்கள் வீட்டில் யாராவது தடுமாறினால் முதலில் நின்று பார்ப்பேன். எந்த விரல், எப்போதிலிருந்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கை மரத்துப் போகுது என்று என்னிடம் யார் சொன்னாலும், தைலம் தடவு என்று சொல்லி அனுப்பாமல் உட்காரவைத்து இதையெல்லாம் கேட்பேன். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூடவே வருவேன். இதை எல்லார் முன்னாலும் சொல்லிவைக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை முதல் அப்பா உங்களிடம்தான் பயிற்சிக்கு வருகிறார். வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அந்தத் தம்பிகிட்டதான் போவேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

அவரோடு பேச ஆசைப்படுகிறவர்கள் மாலையில் கூப்பிடுங்கள். போனைக் காதருகே பிடித்திருக்க இன்னும் முடியவில்லை, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் துண்டித்துவிடாதீர்கள், அவரே எடுப்பார்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்