புளிப்புக்குப் பழகின கிருமிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இங்கே துரோன்ஹெய்மில் இப்போது காலை பத்துக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது, பின்னேரம் இரண்டரைக்கே போய்விடுகிறது, அதனால் ஆய்வுகூடத்துக்கு இருட்டில் போய் இருட்டிலேயே வருகிறேன். சாப்பாடு பரவாயில்லை, தம்பலகாமத்து எருமைத் தயிர்தான் இல்லை. கடைத் தயிரில் புளிப்பே கிடையாது.

என்னதான் வேலை என்று அத்தான் போனில் கேட்டபோது லைன் அறுந்துவிட்டது. பக்டீரியாவைக் கொல்லப் பார்க்கிறோம், அது எப்படித் தப்புகிறது என்று எழுதி வைக்கிறோம். அவ்வளவுதான்.

புளித்த சாமானில் கிருமி இருக்காது என்று அம்மா சொல்லுவாவே, அது முக்கால்வாசி சரி, மிச்சக் கால்வாசிக்குத்தான் எனக்குச் சம்பளம். வயிற்றோட்டம் தருகிற சல்மொனெல்லாக் கிருமியை எடுத்த எடுப்பில் கடும் அமிலத்தில் போட்டால் பெரும்பாலும் செத்துப்போகும், ஆனால் முதலில் இலேசான புளிப்பில், பி.எச். 6க்குக் கிட்ட (இந்த எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்), கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிறகு 4க்குக் கீழே இறக்கினால் கனக்கத் தப்பும். அமெரிக்காவில் ஜோன் பொஸ்டர் குழு 1990இல் காட்டியது இது. நீயும் அப்படியே குளிருக்குப் பழகிவிடுவாய் என்று அம்மா சொல்லப்போகிறா, சொல்லிவிடுங்கள், -12 பாகைக்கு எந்தப் பழக்கமும் உதவாது.

வயிற்று அமிலத்தை ஈகோலை என்ற குடல் பக்டீரியா சமாளிக்கிற விதம் இன்னும் வடிவு. அஜினமோட்டோவில் இருக்கிற அதே குளுட்டமேட்டை உள்ளே இழுத்து, ஒரு நொதியத்தால் அதிலிருந்து காபனீரொட்சைட்டைக் கழற்றும். அந்த வேலையில் கலத்துக்குள் புகுந்த ஒரு புரோத்தன், அதாவது அமிலத்தைப் புளிக்க வைக்கிற துகள், செலவாகிவிடும், மிஞ்சுகிற காபா என்ற பொருள் வெளியே போக அதே வாசலால் அடுத்த குளுட்டமேட் உள்ளே வரும்.

அப்புறம் பெரொக்சைட். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதுதான், நம் வெள்ளைக் குருதிக் கலங்களும் கிருமி மேல் அதைத்தான் பாய்ச்சுகின்றன. ஈகோலைக்குள் இருக்கிற ஒக்ஸிஆர் என்ற புரதத்தில் கந்தகம் உள்ள இரண்டு இடங்கள் பெரொக்சைட் பட்டதும் ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும், புரதத்தின் உருவமே மாறும், உடனே பெரொக்சைட்டை உடைக்கிற கட்டலேஸ் என்ற நொதியத்தைச் செய்யச் சொல்லிக் கட்டளை போகும். டிபிஎஸ் என்ற இன்னொரு புரதம் இரும்பைப் பிடித்து அடைத்து வைக்கும், ஏனென்றால் சும்மா திரிகிற இரும்போடு பெரொக்சைட் சேர்ந்தால் டிஎன்ஏ நாசம். போன கிழமை கண்ணாடித் தகட்டில் ஈகோலை மேல் ஒரு துளி விட்டேன், சோடாப் போத்தல் திறந்த மாதிரி பொங்கியது. தயிரை உறைய வைக்கிற லக்டோபசிலஸ் பக்டீரியாவில் பெரும்பாலும் ஒரு குமிழியும் வராது, அதற்குக் கட்டலேஸ் இல்லை, சில இனங்கள் மங்கனீசைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கின்றன.

மழைக்குத் தயிர் உறையப் பிந்துகிறது என்றீர்கள். அதுதான் கவனிக்க வேண்டிய இடம் அக்கா, மெதுவாகப் புளித்தால் தவறிப் புகுந்த கெட்ட கிருமிக்கும் பழக நேரம் கிடைத்துவிடும். பாலை நன்றாகக் கொதிக்கவிடுங்கள், உறை மோர் புதிதாக இருக்கட்டும், சட்டியைச் சாக்குச் சுற்றி அடுப்படியில் வையுங்கள்.

அத்தானுக்கு வாசித்துக் காட்டுங்கள், நித்திரையானால் எழுப்பவேண்டாம். காசு பத்தாம் திகதிக்குள் போடுகிறேன்.

அன்புடன்,
தம்பி