எங்கள் மாதிரி அறையைத் திருப்பித் தாருங்கள்: பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் சேகரித்த பாறை மாதிரிகளை வைத்திருந்த, பயன்பாட்டு நிலவியல் ஆய்வகத்தின் மாதிரி அறை, விடைத்தாள் கட்டுகளை அடுக்குவதற்காகக் கோடை விடுமுறையில் காலி செய்யப்பட்டது தாங்கள் அறிந்ததே. துறைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களே வரிசை எண் போட்டு எடுத்து வைத்திருப்போம்.

நாங்கள் வந்து பார்த்தபோது எல்லாம் வேப்பமரத்தடியில் குவிந்து கிடந்தன. இரண்டு கோடை மழை பெய்து முடிந்திருந்தது. அரியலூர் பக்கம் காரை என்ற ஊரில் வெயிலில் நின்று நான் வெட்டியெடுத்த களிப்பாறை, பையைத் தூக்கியதும் விரல் இடுக்கில் சேறாகப் பிதுங்கியது. கடலடியில் படிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆன பாறை அது. பையில் கட்டியிருந்த அட்டையில் வெறும் நீலக் கறை. எந்த ஓடை, கீழிருந்து எத்தனையாவது அடுக்கு, எந்தத் தேதி என்பதெல்லாம் அந்த அட்டையில்தான் இருந்தன. கரையாத கற்களுக்கும் அதே கதிதான். அட்டை போன பிறகு அவற்றுக்கும் சாலை ஜல்லிக்கும் வேறுபாடு இல்லை.

"மறுபடியும் போய் எடுத்து வாருங்களேன்" என்றார்கள் அலுவலகத்தில். எங்கே போவது, ஐயா? அந்த வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் இடைவிடாமல் வெட்டப்படுகிறது. எங்கள் மூத்த மாணவர்கள் மாதிரி எடுத்த மேடுகளில் சில இன்று குவாரிப் பள்ளங்கள். அந்த மேடுகளில் மிஞ்சியிருந்தது எங்கள் அறையில் இருந்தது மட்டுமே.

அதே அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து 1989இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் எலும்புகளைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக அது இருக்கக்கூடும் என்கிறார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்து போய்விட்டன. சில படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இதை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே கட்டடத்தின் பின்புறம்தான் எங்கள் கற்கள் கிடக்கின்றன.

ஆய்வுக் கட்டணத்தை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் அபராதம் வாங்குகிறீர்கள். பாறை அறுக்கும் எந்திரத்தின் பிளேடு தேய்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நுண்ணோக்கியில் பார்க்கப் பாறையை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்தாக வேண்டும். அதற்காகக் கல்லைப் பஸ் பார்சலில் வெளியூருக்கு அனுப்பி, உதவித்தொகை வராத மாதங்களிலும் கைக்காசு கொடுக்கிறோம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். இதைப் பொறுக்க முடியவில்லை.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் மன்னியுங்கள். நாங்கள் பணிந்து கேட்பது ஒன்றுதான்: மாதிரி அறையைத் திருப்பித் தாருங்கள். விடைத்தாள்களுக்கு வேறு இடம் கிடைக்கும்வரை, மழை படாத ஒரு தாழ்வாரமாவது ஒதுக்குங்கள். அட்டை பிழைத்த பைகளை நாங்களே பிரித்துச் சுமந்துகொள்கிறோம், ஆள்கூலி வேண்டாம். ஆனால் அறை வேண்டும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். எஞ்சியவற்றை இப்போதைக்கு வாடகைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
நிலவியல் ஆய்வு மாணவர் ஒருவர்