மச்சான் கையில் கயிறு

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ரோச் பூங்கா வரை தடியில்லாமல் நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே. மகள் கல்யாணத் தேதி குறித்ததும் முதலில் எனக்குச் சொல்லு. மூன்று மாதம் முன்னாலேயே டிக்கெட் எடுத்தால்தான் எங்கள் நாலு பேருக்கும் கட்டுப்படியாகும்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் போர்ட் லூயியில் வேலைக்குப் போய் வருகிறான். சின்னவள் வீட்டுக்குள் என்னோடு தமிழ், வாசலைத் தாண்டினால் கிரியோல். இந்த வருஷம் தைப்பூசத்துக்கு அவளாகவே விரதம் இருந்து கத்ர் போர்ன் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்தாள். அவள் அம்மா அழுதே விட்டாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "அத்தனை அழகாக ஒட்டிப் பெயின்ட் அடித்து மூன்று வருஷம் ஷோகேஸில் வைத்திருந்த நீர்மூழ்கியை ஏன் அறுத்தாய்?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் காரணம் உங்கள் தாத்தா.

அந்தக் கப்பல் எதுவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரெவெல் கம்பெனியின் 1/72 அளவு கிட், ஜெர்மன்காரர்களின் டைப் 7-சி. அசல் 67 மீட்டர் நீளம், என்னிடம் இருப்பது 93 சென்டிமீட்டர். 1943 செப்டம்பரில் 'மான்சூன்' குழு என்ற ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தத் தீவுக்குக் கிழக்கே நடுக்கடலில் பிராக்கே என்ற எண்ணெய்க் கப்பலிடம் டீசல் வாங்கிக்கொண்டு வடக்கே போயின. நம் தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் நேரம் பார்த்துத் தாக்கத் திட்டமிட்டதால் அந்தப் பெயர். அவை பெரிய 9 வகை, எனக்குக் கிடைத்தது 7. ஆனாலும் மேல்மாடியில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் ஷோகேஸில் அசையாமல் கிடந்த அந்தக் கப்பல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மூழ்கத்தான் அதைக் கட்டினார்கள். அதனால் ரேடியோவில் ஓட்டி நிஜமாகவே மூழ்கி எழும்பும்படி அதை மாற்றத் துணிந்தேன்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா சொன்னது நினைவிருக்கிறதா? 1961-ல் கடைசியாக முத்துக்குளித்த கதை. கல்லைக் கயிற்றில் கட்டி, கால்விரலில் வளையத்தை மாட்டிக்கொண்டு இறங்குவாராம். கீழே சேர்ந்ததும் கல்லை விட்டுவிட வேண்டும், மேலே இருக்கிறவன் அதை இழுத்துக்கொள்வான். அப்புறம் இடுப்புக் கயிறு ஒன்று. அது எப்போதும் மச்சான் கையில்தான் இருக்கும். "இறங்குறதுக்குக் கல்லு போதும்லே, ஏறுறதுக்கு ஆளு வேணும்" என்பார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டது. போன ஆறு மாதமும் வேலை செய்யும்போது அந்தக் குரல்தான் காதில் ஓடியது.

கியூர்பிப் பக்கம் மரக்கப்பல் மாதிரி செய்யும் பட்டறை ஒன்றில் எனக்குத் தெரிந்த கிரியோல் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் மெல்லிய ரம்பம் கொடுத்து, மிதக்கும்போது தண்ணீர் நிற்கும் நீர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே டேப் ஒட்டி, அதன் விளிம்பைப் பிடித்தே அறுக்கச் சொன்னார். இரண்டு சாயங்காலம் பிடித்தது. மேல்பாதி மூடி மாதிரித் தனியாக வந்தது. உள்பக்கம் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி இரண்டும் வழுக்காமல் பொருந்தும்படி செய்தேன்.

கப்பலுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று நினைப்பாய். வரவேண்டும். பக்கவாட்டில் உள்ள துளைகளையெல்லாம் துரப்பணத்தாலும் ஊசி அரத்தாலும் நன்றாகத் திறந்துவிட்டேன். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஏறி இறங்கும். நடுவில் ஒரே ஒரு கண்ணாடிக் குழாய்தான் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு முனையிலும் மூடி, மூடிக்கு ரப்பர் வளையம், அதற்குள் பேட்டரி, ரிசீவர், மோட்டார், எல்லாம். அக்ரிலிக் குழாய்தான், நாங்கள் கண்ணாடி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. இதில்தான் நான் அதிக நாள் உட்கார்ந்தேன். அசல் கப்பல் மேலே மிதக்கும்போது 769 டன், மூழ்கியதும் 871 டன். வித்தியாசம் 102 டன். 72-ஐ 72-ஆல் இரண்டு தடவை பெருக்கி அதால் வகுத்தால் 273 கிராம் வரும். முதலில் அதையே வைத்துத் தொட்டி செய்யப் போனேன். பெரியவன்தான் தடுத்தான். "அப்பா, உங்கள் கப்பலில் மேல்தளம் முழுக்க ஓட்டை. அதற்குள் இருக்கிற இடம் கணக்கில் வராது, பிளாஸ்டிக் மட்டும்தான் வரும்" என்றான். அவன் சொன்னது சரி. நீர்க்கோட்டுக்கு மேலே தெரியும் பிளாஸ்டிக்கின் பருமன் எவ்வளவோ, அதைத் தண்ணீருக்குள் இழுக்க அவ்வளவு தண்ணீர் போதும்.

எப்படி அளப்பது? ஒரு மீட்டர் நீளமுள்ள பொருளை முக்க வீட்டில் பாத்திரம் ஏது? மழைத்தண்ணீர் போகும் பி.வி.சி. வாய்க்காலில், அதாவது இங்கே கூரையோரம் மாட்டும் அரைக்குழாயில், ஒரு துண்டு வாங்கி இரண்டு பக்கமும் அடைத்தேன். விளிம்பு வரை தண்ணீர். கப்பலின் மேல்பாதியைத் தலைகீழாக, உள்ளே காற்று தங்காமல் சாய்த்துச் சாய்த்து நீர்க்கோடு வரை முக்கினோம். வழிந்ததைச் சின்னவள் தாம்பாளத்தில் பிடித்து அம்மாவின் அளவுக் குவளையில் ஊற்றினாள். 165 மில்லி. மூன்று தடவை செய்தும் ஐந்து மில்லிக்கு மேல் மாறவில்லை. மருந்துக் கடையில் 100 மில்லி ஊசிக்குழல் இரண்டு வாங்கினேன். ஒரு மோட்டார் திருகுத்தண்டைச் சுற்ற, இரண்டு பிஸ்டனும் சேர்ந்து பின்னால் போகும், தண்ணீர் உறிஞ்சப்படும். எதிர்ப்பக்கம் சுற்றினால் வெளியே தள்ளும். தாத்தாவின் கல் இதுதான், மாப்ளே. வேண்டும்போது கனம், வேண்டாதபோது இல்லை.

இனி கயிறு, அதாவது கரையில் நின்று கப்பலை ஓட்டும் ரேடியோ.

இப்போது கடைகளில் விற்கும் ரேடியோ எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். விமானம், கார், மேலே ஓடும் படகு எல்லாவற்றுக்கும் அருமையானது. தண்ணீரோ அந்த அலையை விழுங்கிவிடும், சில விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாது. அதனால் நீர்மூழ்கி ஓட்டுகிறவர்கள் இன்னமும் பழைய 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நானும் 40 மெகாஹெர்ட்ஸில் ஒரு பழைய செட் வாங்கினேன், நீளமாக இழுக்கும் ஏரியலோடு. நல்ல தண்ணீரில் அது சில மீட்டர் ஆழம் வரை போகும்.

நல்ல தண்ணீரில் மட்டும்தான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையைத் தின்றுவிடும். 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கடல்நீரில் 4 சென்டிமீட்டர் இறங்கினாலே அலையின் வலு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். அடுத்த நாலில் அதிலும் மூன்றில் ஒன்று. சுற்றிலும் கடல் உள்ள தீவில் உட்கார்ந்துகொண்டு ஒரு நீர்மூழ்கிப் பொம்மையைக் கடலில் விட முடியாது என்பதை ஏற்க எனக்கு மனசே வரவில்லை.

அப்போதுதான் விஜயநாராயணம் ஞாபகம் வந்தது. நாங்குநேரிப் பக்கம், ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-ல் தொடங்கிய கடற்படை நிலையம். அத்தனை உயரக் கம்பங்கள் எதற்கு என்று நாம் அந்தக் காலத்தில் யோசித்ததே இல்லை. கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்குச் சேதி சொல்லத்தான். 30 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைந்த அலை, என் பெட்டியின் அலையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நீளம். அதனால்தான் உப்புத் தண்ணீருக்குள் பத்து, இருபது மீட்டர் இறங்குகிறது. அதற்கும் பதில் பேச வழி கிடையாது, கேட்க மட்டும்தான். நம் ஊர்க் கருவேலங்காட்டில் நிற்கும் அந்தக் கம்பங்கள், எங்கோ ஆழத்தில் கிடக்கிற பிள்ளைகளின் இடுப்புக் கயிறு. இதை எழுதும்போதுகூட எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சிக்னல் அறுந்தால் என் கப்பல் என்ன செய்யும்? அதற்கு உள்ளே ஒரு சின்னச் சர்க்யூட் வைத்திருக்கிறேன். மூன்று விநாடி சிக்னல் வராவிட்டாலோ, பேட்டரி இறங்கினாலோ, குழாய்க்குள் கசிந்து இரண்டு கம்பிமுனையைத் தண்ணீர் தொட்டாலோ, யாரையும் கேட்காமல் பிஸ்டனை முன்னால் தள்ளிவிடும். கப்பல் மேலே வந்துவிடும். வீட்டில் அதற்கு 'மச்சான்' என்றே பெயர்.

எடை பார்ப்பதையும் சொல்லவேண்டும். அடியில் ஈயம், மேலே தெர்மாகோல் மாதிரித் தண்ணீர் குடிக்காத நுரைத்துண்டு. கனம் கீழே, மிதப்பு மேலே இருந்தால்தான் கப்பல் உருளாமல் நிமிர்ந்து நிற்கும். தொட்டி காலியாக இருக்கும்போது பெயின்ட் கோட்டில் மிதக்க வேண்டும், நிறைந்தபோது பெரிஸ்கோப் நுனி மட்டும் தெரிய வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். குளியல்தொட்டிக்கு முன்னால் நாலு ராத்திரி மண்டியிட்டுக் கிடந்தேன். கடைசியில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவு ஈயத்தை முனையிலிருந்து இரண்டு அங்குலம் பின்னால் நகர்த்தியதும் மூக்கு நிமிர்ந்தது.

முதல் முழுக்கு கத்ர் போர்னில் நண்பர் வீட்டு நீச்சல்குளத்தில். முதல் தடவை தொட்டி பாதி நிறைவதற்குள்ளேயே மச்சான் வேலை செய்து மேலே தூக்கிவிட்டான். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர். ரப்பர் வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு தலைமுடி. கிரீஸில் ஒட்டி, வளையத்துக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. துடைத்து, புதிதாகச் சிலிக்கான் கிரீஸ் தடவி, மூடிக் குழாயை மட்டும் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை.

இரண்டாவது முழுக்கில் தளம் நனைந்தது. துளைகளிலிருந்து வரிசையாகக் காற்று கொப்பளித்தது. பிறகு கோபுரம், பிறகு பெரிஸ்கோப். குளத்தின் நீலத்தில் சாம்பல் நிறமாக, சத்தமே இல்லாமல், என் காலுக்குக் கீழே கடந்து போயிற்று. அங்கே நின்ற யாரும் பேசவில்லை. இருபது நிமிஷம் ஓட்டினேன்.

ஆனாலும் கடல் ஆசை விடவில்லை. போன சனிக்கிழமை ஃபிளிக் அன் ஃபிளாக் பவளத்திட்டுக்கு உள்பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் விட்டேன். கடல்நீர் இரண்டரை சதவீதம் கனம் கூடுதல், தொட்டி நிறைந்த என் கப்பல் ஒன்றே முக்கால் கிலோ. அதனால் 44 கிராம் ஈயம் அதிகம் கட்டினேன். வாலில் தூண்டில் நரம்பும் கட்டினேன், மறுமுனை சின்னவள் கையில். பெரிஸ்கோப் மறைந்த மறுகணமே கப்பல் என் பேச்சைக் கேட்கவில்லை. திருப்பினேன், திரும்பவில்லை. சின்னவள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று உரக்க எண்ணினாள். நாலு என்பதற்குள் பிஸ்டன் சத்தம், கொஞ்ச நேரத்தில் ஒரு கை தூரத்தில் கோபுரம் எழும்பிற்று. ஐந்து தடவை செய்தோம். ஐந்து தடவையும் தானாகவே ஏறி வந்தது. அவள் நரம்பைக் கடைசி வரை இழுக்கவே இல்லை, கையை விட்டு விடவும் இல்லை.

வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். ஷோகேஸில் அதன் இடம் காலியாகவே இருக்கிறது. இனி தாத்தாவின் இறக்கம் மாதிரி ஒரு சின்ன முத்துக்குளிப்புத் தோணி செய்யலாம் என்று இருக்கிறேன், மரத்தில், அதே 1/72 அளவில். அதற்காக ஒன்று கேட்கிறேன்: தாத்தாவின் குளிகல் உங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்ததே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் யாரையாவது தூக்கச் சொல்லி எடை பார்த்து எழுது. நீ தூக்காதே, முழங்கால் இருக்கிறது. நீள அகலமும், கயிறு கோக்கும் ஓட்டை எந்தப் பக்கம் என்பதும் வேண்டும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்